கைதட்டினால் திறக்கும் கதவு

அந்தத் தையல் கம்பெனியில், மனித சுதந்திரம் பற்றி முதலாளி வருஷா வருஷம் பேசுவார். பேசி முடிக்கும்வரை கூடத்தின் கதவை வெளியிலிருந்து பூட்டிவைப்பது வழக்கம். போன வருஷம், யார் குரலிலும் பேசுவதால் 'ரேடியோ' என்று பேர் வாங்கிய துணி வெட்டும் பிரிவுப் பையன் கதவருகே போய், முதலாளி குரலிலேயே, "எல்லாரையும் விடுப்பா" என்றான். வாட்ச்மேன் திறந்துவிட்டார். முதலாளி தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்காலிகள்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

ஆகவே இந்த வருஷம் வாட்ச்மேனுக்கு முதலாளியின் உத்தரவு கறாரானது. "என் குரல்ல சொன்னாலும் திறக்காத. பேச்சு முடிஞ்சதும் கூடமே கை தட்டும். அப்பத் திற."

பொத்தான் தைக்கும் அக்காவுக்கு அன்று மூன்று மணிக்கு வேறொரு கம்பெனியில் நேர்காணல். அங்கே தண்ணீர் குடிக்க எழுந்தால் யாரும் முறைக்க மாட்டார்களாம். மேற்பார்வையாளரிடம் அரைநாள் லீவு கேட்டாள்.

"சுதந்திரத்தப் பத்திப் பேசுறாரு, அதுக்குக்கூட உக்கார மாட்டியா?" என்றார்.

போன்களையெல்லாம் வாசலிலேயே வாங்கிவைத்துக்கொண்டார்கள். முன்மாதிரியாக முதலில் கொடுத்தவர் முதலாளி.

"மனிதன் பிறப்பால் பறவை" என்று ஆரம்பித்தார். ஆள் சர்க்கரை வியாதிக்காரர். இரண்டாவது தண்ணீர் பாட்டிலும் காலியானபோது பறவை கால் மாற்றி மாற்றி நிற்க ஆரம்பித்தது. பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டினார்.

"நான்தாம்ப்பா. திற."

"ரேடியோ, போன வருஷத்தவிட நல்லா வந்திருக்குடா," என்றார் வாட்ச்மேன் வெளியிலிருந்து. "அந்த நடுக்கம்கூட அப்படியே இருக்கு."

முதலாளி திரும்பினார். "எல்லாரும் கை தட்டுங்க."

ஒருவரும் தட்டவில்லை. ரேடியோ ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "பேச்சு இன்னும் முடியலையே சார்?"

பொத்தான் அக்கா மட்டும் தட்டினாள். உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

"என்னம்மா, அந்தாளுக்கா ஜால்ரா போடுற?" என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்த இஸ்திரிக்காரர்.

"மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூண்ணே. எல்லாரும் தட்டுனாத்தான் திறப்பாரு. தட்டுங்கண்ணே."

"இன்னிக்கு ஒரு நாள் நம்ம இஷ்டத்துக்கு இருந்துக்குறோமே," என்றார் அவர், முதலாளியின் கால்களிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தக் கூடத்தில் இத்தனை நிம்மதியான முகங்களை அவள் பார்த்ததே இல்லை.

கதவுக்கு வெளியே குரல் கேட்டது. "யாரோ ஒருத்தர் தட்டுறது கேக்குதுப்பா. கூடமே தட்டணும்னு உத்தரவு."

சுவர்க் கடிகாரம் மூன்று மணியைத் தாண்டியது. முதலாளி வேறு வழியில்லாமல் மேடையேறி, தொடைகளை நெருக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"எங்க விட்டேன்?"

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பறந்துக்கிட்டு இருந்தீங்க சார்," என்றாள்.