சாமை நடந்த வீடு

1926ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், மலையூர்கள் சில சேர்ந்த வளப்பூர் நாட்டுச் சின்னராசு வீட்டில் குறி கேட்பதற்காக முறத்தில் பரப்பிய சாமை எழுந்து நடந்தது. அந்த வருடம் மிளகுக்கு நல்ல விலை, மழையும் குறைவில்லை. சின்னராசுவின் ஒரே மகன் மாணிக்கம் வைகாசியிலேயே காணாமல் போயிருந்தான். தனிக்குடித்தனம் போக மேல்காட்டு நிலத்தைப் பிரித்துக் கேட்ட மறுநாள், சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்கியவன் திரும்பவில்லை என்றார்கள் வீட்டார். அவன் மனைவி பாப்பாத்தி சோற்றில் மருந்து வைத்து, புத்தி பேதலிக்கச் செய்து, காட்டில் சாகவிட்டாள் என்று சின்னராசு ஊரில் முறையிட்டார். திருப்புலி நாட்டிலிருந்து வாழ வந்தவள் அவள், எட்டு மாதக் கர்ப்பிணி. குற்றம் உறுதியானால் தாய்வீடு போகவேண்டும். ஆனால் பிள்ளை புருஷன் வீட்டுக்குச் சொந்தம், பெற்றுக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஊர் வழக்கம் அது.

குறி சொல்ல வந்தவர் பூசாரி மாதேஸ்வரன். சந்தேகத்துக்கு உள்ளானவரின் பேரைச் சொல்லி ஒரு சிட்டிகை சாமை எடுப்பார். எண்ணிக்கை ஒற்றையாக வந்தால் குற்றம். முந்தின நாளே சின்னராசு வீட்டுச் சேவலைத் தின்றிருந்தபடியால் ஒற்றைதான் வருமென்று அவருக்குத் தெரியும். வேலிக்கு ஓணான் சாட்சி. ஆனால் அவர் கை வைப்பதற்குள் சாமை முறத்தைவிட்டு இறங்கி, எறும்புச் சாரியாகப் பாப்பாத்தியைத் தாண்டிப் போய், சின்னராசுவின் காலில் ஏறி மணிக்கட்டில் நின்றது. சாமைக்குத் தெரியாமலா இருக்கும்? மேல்காட்டில் அவரே மண்வெட்டியால் அடித்துப் புதைத்த மகனின் மேல்தான் அது விளைந்திருந்தது.

ஊர்ப் பெரியவர்கள் வெகுநேரம் வெற்றிலை மென்றார்கள். சாமையைக் குத்திப் புடைத்தது பாப்பாத்தி, ஆகவே அது அவள் கைக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது என்று முடிவானது. மறுநாள் மாமியார் சென்னம்மாள் குத்தினாள். அந்தச் சாமையும் அதே வழியில் நடந்து அதே மணிக்கட்டில் நின்றது.

“ஏனுங்க, இன்னும் எத்தன தடவ நடக்கோணுங்க? கண்ணு தெரியிலீங்களா உங்களுக்கு?” என்று பாப்பாத்தி கேட்டாள்.

வைகாசியில் அந்த மண்வெட்டியைக் கழுவி வைத்தவள் சென்னம்மாள்தான். பெற்ற வயிறு எரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் மகன் போய்விட்டான், புருஷன் இருந்தார். “ஊட்டுப் பெரியவருக்கு வெள்ளாம மரியாத பண்ணுதுங்க, வேறொண்ணும் இல்லீங்க” என்றாள் அவள். பெரியவர்களுக்கு மூச்சு வந்தது. தானியமே கும்பிடும் மனிதர் பொய் சொல்வாரா என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்கள்.

தையில் ஆண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் பாப்பாத்தியை ஊர் எல்லையில் விட்டுவிட்டு வந்தார்கள். குழந்தை ஆட்டுப்பாலைக் கக்கியது. அது அழும் சத்தம் இரண்டு மலை தாண்டித் திருப்புலி நாட்டில் அவளுக்கு மட்டும் கேட்டது. கேட்டபோதெல்லாம் அவள் ரவிக்கை நனைந்தது. பதினாலாம் நாள் திரும்பி வந்து, கோயில் வாசலில் ஊரார் காலில் விழுந்து, “நாந்தானுங்க மருந்து வெச்சேன். பால் குடுக்க மட்டும் உடுங்க” என்றாள்.

மாட்டுக்கொட்டகையில் படுக்கலாம், பையன் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். சின்னராசு இரக்கக்காரர் என்று ஊர் புகழ்ந்தது. அடுத்த வருடமே அவரை ஊர்க்கவுண்டர் ஆக்கியது. சாமை வருடம் தவறாமல் விளைந்தது, வருடம் தவறாமல் நடந்தது. முதலில் சின்னராசு துள்ளி எழுந்தார். பிறகு உதறினார். அதற்கும் பிறகு, ஈ மொய்த்ததுபோல விட்டுவிட்டார். வந்த விருந்தாளிகளும் இரண்டு வருடத்துக்குமேல் வியக்கவில்லை. பையன் செங்கோடனோ எல்லா வீட்டிலும் சாமை நடக்கும் என்றே நினைத்திருந்தான்.

அவனுக்கு ஆறு வயதான கார்த்திகையில், புதுச் சாமைச் சோற்றுக்கு முன்னால் அப்பாரு என்று கூப்பிடும் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

“ஏ பாப்பாத்தி, அப்பாரு கால்ல சாமை ஏறுது. வந்து கூட்டு.”

“இதோ வாரேன் சாமி” என்று அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.