விறகடுக்குக்குப் பின்னால் ஒரு பலகை

மலைமேல் கிரெசென்ஸ் நடத்தும் விடுதியில் நான்கு குளிர்காலம் காவல் வேலை பார்த்தேன். காவல் மனிதர்களுக்கு இல்லை, பனிச்சறுக்குப் பலகைகளுக்கு. பனியில் சறுக்கி வருகிறவர்கள் வாசலில் பலகைகளைக் கழற்றி நிறுத்திவிட்டு உள்ளே சூப் குடிக்கப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை நான் அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி முதல் வாரம் முடிவதற்குள் பதினோரு ஜோடிகள் காணாமல் போயின. எல்லாம் புதியவை, விலை உயர்ந்தவை. கிரெசென்ஸ் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"இன்னொரு ஜோடி போச்சுன்னா, விகில், நீயும் அது பின்னாலயே போயிடு."

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் பலகையைக் கழற்றியதும் ஜோடியைப் பிரித்துவிடுவார்கள். ஒன்றை இடது பக்கச் சட்டத்தில் சாய்ப்பார்கள், மற்றொன்றை இருபதடி தள்ளி வலது பக்கத்தில். திருட வருகிறவனுக்கு நேரம் கிடையாது. கூட்டத்துக்கு நடுவில் துணைப் பலகையைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டான். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை. எண் பூட்டு வாங்கி வைத்திருப்பார்கள், அது பைக்குள்ளேயே கிடக்கும். ஜோடியாக நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆகவே அவர்களுக்காக நானே பிரிக்க ஆரம்பித்தேன். பூட்டாமல் சேர்ந்து நிற்கும் ஜோடி கண்ணில் பட்டால் ஒன்றை எடுத்துப் போய் ஒளித்துவைப்பேன். ஆள் வெளியே வந்து ஒற்றைப் பலகையைப் பார்த்துத் திகைத்து நிற்கும்போது, நாலு வார்த்தை புத்தி சொல்லிவிட்டு மற்றதைக் கொண்டுவந்து கொடுப்பேன். பெரும்பாலும் சிரிப்பார்கள். சிலர் ஒரு சிறு கிளாஸ் சாராயம் வாங்கித் தருவார்கள். பிப்ரவரி பிறக்கும்வரை ஒரு ஜோடிகூடப் போகவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

பாத்திரம் கழுவும் டோரின் தினமும் கேலி செய்வான்.

"இன்னிக்கு எத்தனை ஜோடிக்கு விவாகரத்து, விகில்?"

டோரின் மால்டோவாக்காரன். நாற்பது வயதிருக்கும். நவம்பரில் வந்தவன், ஊரில் மனைவியும் இரண்டு மகள்களும். ஒருநாள் எச்சில் வாளியைக் கொட்டிவிட்டு வந்தவன் என் பக்கத்தில் நின்று கேட்டான்.

"நீ இல்லாத நேரத்துல யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது? எங்கதான் வைக்கிற?"

"உனக்கெதுக்கு அது?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "சரிப்பா. கேக்கல."

அந்த இடத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. விடுதியின் பின்சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கும். அடுக்குக்கும் பாறைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அங்கேதான் வைப்பேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாள். என் மனைவி அகாதே இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான்கு மணிப் பூசையில் அவள் பெயரில் ஒரு மெழுகுவர்த்தி மந்திரித்து வாங்க வேண்டும் என்று கிரெசென்ஸிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, இரண்டரைக்கே கீழே இறங்கினேன். கிளம்பும் முன் ஒளித்துவைத்தவை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். ஆறு என்று மனதில் கணக்கு. ஆறையும் கொடுத்தாகிவிட்டது.

அன்றைக்கு நான் ஒளித்தது ஏழு.

ஏழாவது ரோமேடியுஸ் என்ற கிழவருடையது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பலகைகள் அவரைப் போலவே பழையவை, ஓரமெல்லாம் தேய்ந்தவை. "பூட்டலையா?" என்று கேட்டதற்கு, "இதை எவன்யா எடுப்பான்? எடுத்தா அவனுக்குத்தான் பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பிடிவாதமாக அதிலும் ஒன்றை எடுத்துப் போய் உள்ளே ஆழமாகச் செருகினேன். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். பிறகு அது என் நினைவிலேயே இல்லை.

மூன்று மணிக்கு மேல் தெற்குக் காற்று கிளம்பி மூடுபனி இறங்கியது. நான் கோயிலில் முழந்தாளிட்டிருந்தேன். அந்த நேரத்தில் ரோமேடியுஸ் வெளியே வந்து ஒற்றைப் பலகையைப் பார்த்திருக்கிறார். தேடியிருக்கிறார். திருட்டுப் போய்விட்டது என்று முடிவுசெய்து, கடைசி நாற்காலி லிஃப்டில் இறங்கலாம் என்று நடந்திருக்கிறார். காற்றுக்காக லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். விடுதிக்குத் திரும்பி வர மனமில்லாமல், நாற்பது வருடம் தபால் பையோடு நடந்த கால்களை நம்பிக் காட்டுப் பாதையில் இறங்கினார். முதல் வளைவிலேயே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பனியைச் சமன்படுத்தும் வண்டிக்காரர் அவரைக் கண்டெடுத்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை போலீஸ்காரப் பெண் ஒருத்தி மேலே வந்தாள்.

"அந்தப் பெரியவரோட பலகைய நீ எடுத்து வச்சிருந்தியா?" என்று என்னைக் கேட்டாள். மலையில் ஒரு உயரத்துக்கு மேல் எங்களில் யாரும் யாரையும் 'நீங்க' என்று சொல்வதில்லை. போலீசும் அப்படித்தான்.

"இல்ல. போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

அப்போது நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன்.

பரிமாறுகிறவள் ஒருத்தி வேறு ஒன்று சொன்னாள். மூன்றரை மணிக்கு டோரின் அந்தக் கிழவரோடு பலகைச் சட்டங்களைச் சுற்றிச் சுற்றி நடந்ததைப் பார்த்தாளாம். கிழவரைக் கண்டெடுத்தபோது அவர் கையில் இருந்ததும் டோரினின் கையுறைகள். அவரிடம் கேட்கலாம் என்றால், அறுவை முடிந்து இன்னும் மயக்கம் தெளியவில்லை.

"அவரு தேடிக்கிட்டு இருந்தாரு. நானும் சேந்து தேடினேன்" என்றான் டோரின். "அவரோட கையுறைல ஒண்ணு காத்துல பறந்துடுச்சு. என்னோடத குடுத்தேன். டீ குடுத்தேன். உள்ள உக்காருங்கன்னு சொன்னேன், கேக்கல. உள்ள பாத்திரம் குவிஞ்சு கிடந்துச்சு, நான் என்ன பண்றது?"

பலகைகளைத் திருடுகிறவன் இவன்தானோ என்ற சந்தேகத்தில் அவன் அறைக்குப் போய்ப் பையைத் திறந்து பார்த்தார்கள். துணிமணி, மகள்களின் படம். ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று மதியம் விறகு எடுக்கப் போனேன். இரவு பெய்த பனி இடைவெளியை மூடியிருந்தது. தள்ளினேன். தேய்ந்த ஓரம் ஒன்று நீட்டிக்கொண்டு வந்தது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. கிரெசென்ஸின் பேச்சு காதில் ஒலித்தது. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு வேலை எங்கே தேடுவேன்? பனியை அள்ளி அதன்மேல் போட்டு மூடினேன். ஒரு கூடை விறகோடு உள்ளே போனேன். டோரின் தொட்டியில் முழங்கைவரை கைவிட்டு நின்றுகொண்டிருந்தான். அன்று என்னைக் கேலி செய்யவில்லை.

அன்று புனித பிளாசியுஸ் நாள். மாலையில் எல்லோரும் வரிசையில் நின்று தொண்டைக்கு ஆசீர் வாங்குவோம். நானும் நின்றேன். குருவானவர் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து என் கழுத்தில் வைத்து, தொண்டை நோயெல்லாம் விலகட்டும் என்று செபித்தார். மெழுகு குளிர்ச்சியாக இருந்தது. ஆமென் என்றுகூடச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் நான் மேலே போனபோது தொட்டிக்கு முன்னால் கிரெசென்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"டோரின் எங்க?"

"அனுப்பிட்டேன். போலீஸ் ஒண்ணும் சொல்லல. ஆனா இங்க யாரு அவன்கூட இனிமே நிம்மதியா வேலை பாப்பாங்க? நாலரை மணி ரயில்ல போறான்."

நான் பின்பக்கம் போய்ப் பலகையை இழுத்துக்கொண்டு வந்து சமையலறைத் தரையில் வைத்தேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்து மதியம்."

"நேத்து மதியம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போலீசுக்கு நான் சொல்றேன். நீ உன் கோட்டை எடுத்துக்க. இனிமே வர வேணாம்." நான் கதவருகே போனதும் மறுபடியும் கூப்பிட்டாள். ரொட்டியும் பன்றிக் கொழுப்புத் துண்டும் வைத்துக் கட்டிய ஒரு பொட்டலம். "அவனைப் பாத்தா இதைக் குடு. என் பேரைச் சொல்லாத."

ஆஸ்பத்திரி ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில். ரோமேடியுஸ் விழித்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் அந்தக் கையுறைகள், காய்ந்து விறைத்துக் கிடந்தன. கையோடு கொண்டுபோயிருந்த பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"மேல 'நீ'ன்னு பேசினவன், கீழ வந்ததும் என்ன 'நீங்க'?" என்றார். பலகையை வெகு நேரம் பார்த்தார். "இனிமே இது எனக்கெதுக்கு? இதோட ஜோடிய போலீஸ் வேற வச்சிருக்கு." கண்ணை மூடிக்கொண்டார். "அந்த ஆளு நல்லவன்யா. டாக்டரு சொன்னாரு, இந்தக் கையுறை இல்லாட்டி நாலஞ்சு விரல் போயிருக்குமாம். இதைக் கொண்டுபோய் அவன்கிட்ட குடு. பத்து விரலும் இருக்குன்னு சொல்லு. சீக்கிரம் போ, இங்க நின்னு அழாத."

டோரின் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கைகளைக் கோட்டின் கைகளுக்குள் மாற்றிச் செருகியிருந்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"எங்க வச்சிருந்த?"

"விறகடுக்குக்குப் பின்னால."

"தினம் ரெண்டு தடவை வாளிய எடுத்துக்கிட்டு அது பக்கமா போவேன்" என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவருக்கு எடுத்துக் குடுத்திருப்பேன். பெரியவரு சூடா வீடு போய்ச் சேந்திருப்பாரு."

நான் பொட்டலத்தை அவனிடம் நீட்டினேன்.

"என்னைத் திருடன்னு நெனச்ச."

"உன்னை மட்டும் இல்ல, டோரின். எல்லாரையும்."

"அது இன்னும் மோசம்."

"திரும்பி வா. கிரெசென்ஸுக்கு உண்மை தெரிஞ்சுடுச்சு. கூப்பிடுவா."

"அவங்க பிளேட்டை மூணு மாசம் கழுவினேன். என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் என்கிட்ட உக்காந்து கேக்கல. பையைத்தான் திறந்து பாத்தாங்க." பொட்டலத்தை முகர்ந்தான். "இது கிரெசென்ஸ் கட்டினதுதான். இவ்வளவு கொழுப்பு வேற யாரும் வைக்க மாட்டாங்க." மடியில் வைத்துக்கொண்டான்.

கையுறைகளை நீட்டினேன். அவன் ஒன்றை மட்டும் எடுத்தான்.

"ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உன்கிட்ட. அப்பத்தானே எவனும் திருட மாட்டான்?"

அந்தக் குத்தல் எனக்கு வேண்டியதுதான். தலைகுனிந்து நின்றேன். ரயில் வந்தது. அவன் படியேறித் திரும்பினான்.

"பெரியவருக்கு விரல் பத்தும் இருக்கா?"

"பத்தும் இருக்கு."

அந்த ஒற்றைக் கையுறையையும் என் கையில் வைத்தான். "அவர்கிட்டயே இருக்கட்டும். ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வரப்பக் குளிரும்."

கதவு மூடியது. அவன் என் பக்கம் கை அசைக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ரோமேடியுஸுக்குச் சாயங்கால சூப் வந்திருந்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையுறைகளைப் பார்த்தார்.

"வெறுங்கையோடவா போறான்?"

"ஆமா."

அவர் இரண்டையும் மாட்டிக்கொண்டு கைகளைப் போர்வைமேல் வைத்தார். அவற்றோடு கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து சூப்பை ஊட்டினேன். ஜன்னலுக்கு வெளியே மறுபடியும் பனி பெய்ய ஆரம்பித்தது.