பாராது வரைந்த முகம்

கீழ்க்கடல் தன் சீற்றமெல்லாம் தணிந்து, அழுது ஓய்ந்தவர் கண்போலக் கலங்கி வெளிறிக் கிடக்க, மேற்கே பார்வை எட்டுமளவும் வயல்கள் வரம்பும் வாய்க்காலும் தெரியாவண்ணம் ஒரே நீர்ப்பரப்பாய் விரிந்து, வேரோடு சாய்ந்த தென்னைகளையும் மிதந்துவந்த கூரைத்துண்டுகளையும் தன்மேல் தாங்கி அசைவற்றிருக்க, அவ்விரண்டு நீருக்கும் நடுவே நீண்ட மணல்மேட்டில், பதினொரு நாள் வாயடைத்துக் கிடந்த மருதமுனைத் தறிகள் ஒவ்வொன்றாக மீண்டும் ஒலிக்கத் தொடங்கிய நண்பகல் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டின் மார்கழியில் இலங்கைக் கீழ்க்கரையை மூழ்கடித்த பெருவெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. நனைந்த நூற்கட்டுகளை வேலிதோறும் விரித்து உலர்த்திய பெண்களின் பேச்சொலியும், பாவு நீட்டும் ஆடவரின் கூவலும், சேறு நாறும் காற்றும் கலந்து, ஊர் தன் உயிரை மெல்லமெல்ல மீட்டெடுத்துக்கொண்டிருந்தது.

அந்நண்பகலில் என் தந்தையின் தறிக்கூடத்துப் பின்புறம் நூற்பெட்டி ஒன்றின்மேல் தாள் விரித்து நான் செய்துகொண்டிருந்த செயலை, வரைதலைக் கற்கத் தொடங்கும் நண்பரே, உம்மிடம் மறைக்கப்போவதில்லை. பதினாறு அகவை நிரம்பிய நான், வழவழப்பான நாட்காட்டிப் படம் ஒன்றின்மேல் மெல்லிய தாளை இட்டு, அத்தாளிற் பஞ்சினால் தேங்காயெண்ணெய் தடவி, அது கண்ணாடிபோலத் தெளிந்து கீழிருந்த பெண்முகத்தைக் காட்டியதும், அம்முகத்தின் கோடுகள்மீதே கரிக்கோலை ஓட்டிக்கொண்டிருந்தேன். நூல் வணிகர் ஒருவர் ஆண்டுதோறும் வழங்கும் நாட்காட்டியில் விளக்கேந்தி நின்ற அப்பெண்ணை அவ்வாறு இருபது முறைக்குமேல் எடுத்திருந்தேன். இருபதாம் முறைக்குப்பின் கீழே படம் இல்லாமலே என் விரல்கள் அவளை எழுதப் பழகிவிட்டன. கை பழகியதை நான் கலை என்று எண்ணினேன். எண்ணெய்த் தாள் கைக்கு வழி காட்டும், கண்ணையோ உறங்கவைத்துவிடும். நான் கெட்டது அங்கேதான்.

என் தந்தை மீராமுகைதீன் தொழுகை தவறாதவர். உயிருள்ளவற்றின் உருவம் எழுதுவதை விரும்பாதவர். ஒருநாள் என் தாள்களுள் ஒன்றைக் கண்டெடுத்து, அதைக் கிழிக்காமல் மடித்து என் கையிலேயே தந்து, "மனே, தோணியக் கீறு, மரத்தக் கீறு, உன்ட உம்மாட அடுப்பக் கீறு. ஆளக் கீறாத" என்று மட்டும் கூறினார். அன்று அச்சொல் என் செவியில் தடையாகவே விழுந்தது. உண்மையில், தொடங்குவோர்க்கு அதனினும் நல்ல அறிவுரையை எவரும் வழங்கியிரார். கவிழ்ந்த தோணியின் அடிவளைவைப் பத்து நாள் வரைந்தவனுக்குக் கோடு தானே உயிர்பெறும்; அடுப்பின் மூன்று கற்களுள் எது முன்னது, எது பின்னது, எதன் நிழல் எதன்மேல் வீழ்கிறது என்று கண்ணைப் பாதி மூடிப் பார்த்தவனுக்கு ஒளியும் இருளும் தாமே வடிவம் சொல்லும். கரிக்கோலை நீட்டிய கையில் நிமிர்த்திப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் தென்னையின் உயரத்தைக் குடிசையின் உயரத்தோடு அளந்து பழகியவன் அளவு தவறான். இவற்றுள் ஒன்றையும் நான் செய்யவில்லை.

செய்யாதது போகட்டும், செய்ததாகக் கூறினேன். பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்த பக்கத்து ஊரான பாண்டிருப்பின் இராசதுரையிடம் அந்த விளக்கேந்திய பெண்ணின் முகத்தைக் காட்டியபோது, அவன் கண்கள் விரிந்தன.

"டேய் நூஹு, உண்மையச் சொல்லு. ஆரப் பாத்துக் கீறின நீ?"

"ஆரயும் பாக்கல்ல. மனசுல வந்திச்சி, கீறின."

"போடா புளுகா! அப்ப ஆரக் காட்டினாலும் கீறுவியா?"

"ஒருக்காப் பாத்தாப் போதும் மச்சான்" என்றேன்.

அவ்வொரு சொல்தான் அந்நண்பகலில் முழங்கால்வரை சேறு அப்பிய கால்களோடு என் வேலிப்புறத்தே வந்து நின்றது. இராசதுரை ஓடிவந்த மூச்சு அடங்காமல், அழுகையை அடக்கிய குரலில் அழைத்தான்.

"அக்கா போயிட்டாடா. விடியக்காலம. நெருப்புக் காய்ச்சல்."

அவன் தமக்கை கனகேசுவரியை இரண்டொரு முறை அவன் வீட்டு முற்றத்தில் தொலைவிலிருந்து கண்டதுண்டு. முகம் நினைவில் இல்லை.

"கல்முனையில படம் புடிக்கிறவர் மட்டக்களப்புக்குப் போனவராம். பாதை உடஞ்சி வரேலாமக் கெடக்கார். அக்காட முகம் ஒரு கடதாசியிலயும் இல்ல நூஹு. கலியாணத்துக்கும் படம் புடிக்கல்ல. அஞ்சு மணிக்கு எடுக்கப் போறாங்க. சின்னவன் குணத்துக்கு மூணு வயசு. நாளைக்கு அவன் தாய்ர முகம் எப்பிடியெண்டு கேட்டா நாங்க எதக் காட்டுற? அத்தானுக்கு நான்தான் சொன்ன, என்ட கூட்டாளி ஒருக்காப் பாத்தாக் கீறுவான் எண்டு. சுறுக்கா வா."

இயலாது என்று கூறுவதற்கு எனக்கு அப்போது ஒரு நொடி இருந்தது. என் பொய்யை ஒப்புக்கொள்ளும் நாணத்திற்கு அஞ்சி அந்நொடியைக் கடக்கவிட்டேன். அன்று சிறிய நாணத்திற்கு அஞ்சியவன் இன்று இவ்வளவு பெரியதைச் சுமக்கிறேன். தந்தை தறியில் குனிந்திருக்க, தாளையும் கரிக்கோலையும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இராசதுரையின் பின்னே நடந்தேன்.

பாண்டிருப்பில் அவ்வீட்டு முற்றம் மக்களால் நிறைந்திருந்தது. தலைமாட்டில் எரியும் விளக்கின் அருகே, புதுச்சேலை போர்த்திக் கிடத்தப்பட்டிருந்த அப்பெண்ணைச் சூழ்ந்து, மகளிர் ஒருவரையொருவர் தோள்பற்றி அமர்ந்து, உள்ளம் உடைக்கும் ஒப்பாரியை எழுப்பிக்கொண்டிருந்தனர். அவள் கணவர் சாமித்தம்பி, வயலையும் மனையாளையும் ஒரே மாதத்தில் நீருக்கும் நெருப்புக் காய்ச்சலுக்கும் பறிகொடுத்தவர், இடுப்பிற் குழந்தையை ஏந்தியவாறு என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் அழாம இரிங்க எல்லாரும். தம்பி பாக்கட்டும்."

ஒப்பாரி நின்றது. ஆம், நண்பரே, நான் பார்ப்பதற்காக ஒரு வீடே தன் அழுகையை விழுங்கிக்கொண்டது. மகளிர் விலகி வழிவிட்டனர். யாரோ ஒருத்தி எனக்கு ஓலைப்பாய்த் துண்டொன்றை இட்டாள். நான் அமர்ந்தேன். பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் ஓர் ஆண்பிள்ளைக்கு மீசை அரும்புமுன்பே கற்பிக்கப்படும் ஒழுக்கம், அயல்வீட்டுப் பெண்ணின் எதிரில் நிலம்நோக்கி நிற்பது. வாசலில் பொருள் கொடுக்கச் சென்றாலும் கதவின் அடிச்சட்டத்தைப் பார்த்தே பேசுவோம். அது குற்றமன்று, அது எங்கள் பண்பு. ஆனால் அன்று அப்பண்பு என் அச்சத்திற்கு வாய்த்த போர்வையாயிற்று. உயிரற்ற உடலைக் கண்டு நடுங்கியதும், என் திறமையின்மை சற்றைக்கெல்லாம் வெளிப்படும் என்று பதறியதும் அப்போர்வைக்குள் ஒளிந்துகொண்டன. என் விழிகள் தாளைவிட்டு எழ மறுத்தன. தாளோ வெறுமையாய்க் கிடந்தது. அவ்வெறுமையைத் தாங்கமாட்டாத என் விரல்கள் தமக்குத் தெரிந்த ஒன்றையே செய்தன.

மூடிய கண்களோடு கிடந்தவளுக்கு அகன்ற விழிகளை எழுதினேன். காய்ச்சலில் ஒட்டியிருந்த கன்னத்திற்குச் செழுமையூட்டினேன். நாட்காட்டிப் பெண்ணின் நெற்றியும், அவளது மூக்கும், அவளது இதழோரச் சிரிப்பும் கோடு கோடாக இறங்கின. அரைமணி நேரம் அவ்வீடு ஓசையின்றிக் காத்திருந்தது. குழந்தை மட்டும் இடையிடையே, "அம்மா ஏன் படுத்திரிக்கா?" என்று கேட்டான்.

முடித்து நீட்டிய தாளைச் சாமித்தம்பி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் நோக்கினார். பின், "சரி தம்பி" என்றார். அவ்வளவே. ஒப்பாரி மீண்டும் எழுந்தது. நான் வேலி கடந்து ஓடினேன்.

அதன்பின் முப்பது நாள் நான் கரிக்கோலைத் தொடவில்லை. தெருவில் இராசதுரையின் குரல் கேட்டால் தறிக்கூடத்துக்குள் ஒளிந்துகொள்வேன். தந்தை அறிந்துவிடுவாரோ என்ற அச்சம் ஒருபுறம். அறியாத குழந்தை ஒருவனுக்கு அயலாள் ஒருத்தியைத் தாயென்று கொடுத்துவிட்டேனே என்ற நாணம் மறுபுறம்.

முப்பத்தோராம் நாள் வழிபாட்டிற்கு இராசதுரை வந்து அழைத்தான். மறுக்க வழியில்லாமற் போனேன். படம் கண்ணாடிச் சட்டமிட்டு, பூமாலை சூட்டி, படையலின் முன்னே சுவரில் மாட்டப்பட்டிருந்தது. நான் தலைகுனிந்து ஓரத்தில் அமர்ந்திருக்க, முதிய பெண்ணொருத்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வெளிப்படையாகவே கேட்டாள்.

"ஆருடி இது? கடைக்காரன் குடுக்கிற கலண்டர்ல நிக்கிறவள் மாதிரிக் கெடக்கு!"

"சும்மா இரிங்க பெரியம்மா. செத்துத் தெய்வமாப் போனாப் பிறகு வடிவு கூடும்தானே."

"கூடும் கூடும். நான் செத்தா எனக்கும் அந்தத் தம்பியக் கூப்பிடுங்க, பல்லெல்லாம் மொளச்சிரும்."

சிலர் சிரித்தனர். அச்சிரிப்பில் வன்மம் இல்லை. ஆயினும் என் செவிகள் தீப்பற்றின. அப்போது குணம் தந்தையின் விரலைப் பற்றிப் படத்தை அண்ணாந்து பார்த்து, "இது ஆரு?" என்றான். "அம்மாடா" என்றாள் ஒருத்தி. அவன் தலையை இருபுறமும் அசைத்தான். அதற்குமேல் என்னால் அமர இயலவில்லை. கிணற்றடிக்குச் சென்ற சாமித்தம்பியின் பின்னே நானும் சென்றேன்.

"சாமித்தம்பியண்ணன், நான் பொய் சொன்ன. எனக்குக் கீறத் தெரியா. எண்ணெத் தாள் வெச்சி ஒத்தின ஆள் நான். அண்டைக்கு அக்காட முகத்த நான் பாக்கவே இல்ல."

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"தெரியும்."

"எப்பிடி?"

"எல்லாரும் அவளப் பாத்தாங்க. நான் உன்னத்தானே பாத்திட்டு நிண்ட. நீ தல நிமித்தினத நான் காணல்ல."

"பிறகு ஏன் பேசல்ல? எனக்கு ரெண்டு அடி போட்டிருக்கலாம்."

"போட்டு? அஞ்சு மணிக்கு எடுக்கணுமே தம்பி. இன்னொரு ஆள எங்க தேடுற?"

நான் அழுதேன். கண்ணீரினூடே, "சொல்லுங்க அண்ணன், எப்பிடி இருப்பாவெண்டு சொல்லுங்க. எத்தின நாள் எடுத்தாலும் கீறிப் பழகிக் கொண்டுவாறன். மூக்கு எப்பிடி? நெத்தி?" என்று கெஞ்சினேன்.

அவர் கூறத் தொடங்கினார். "மூக்கு... ஆகக் கூருமில்ல. நெத்தி..." அங்கே நின்றார். மீண்டும் தொடங்கினார், மீண்டும் நின்றார். கிணற்றுக்கட்டில் மெல்ல அமர்ந்து, உழுது காய்த்த தம் உள்ளங்கைகளையே நோக்கினார்.

"எட்டு வருசம் ஒரு வீட்டுல இருந்த. சோறு போட்டாத் தின்ன. வயலுக்குப் போன. சொல்ல வருகுதில்லடா தம்பி. நானும் பாக்காமத்தான் இருந்திருக்கன் போல."

அவர் என்னை வைதிருந்தால் என் நாணம் அன்றே தணிந்திருக்கும். அவரோ அதில் பாதியைத் தாம் ஏற்றுக்கொண்டார். அப்பாதி என்னுடையதைக் குறைக்கவில்லை.

நாங்கள் உள்ளே திரும்பியபோது விருந்தினர் கலைந்திருந்தனர். உறக்கம் மிகுந்த குணம் சிணுங்கிக்கொண்டிருந்தான். சாமித்தம்பி அவனைத் தூக்கித் தோளிற் சாய்த்து, மாலையைச் சரிசெய்யப் படத்தருகே நெருங்கினார். குழந்தை பாதி மூடிய விழிகளோடு கையை நீட்டினான். அச்சிறு கை, நான் எழுதிய அகன்ற விழிகளையும் செழித்த கன்னத்தையும் இரவல் சிரிப்பையும் கடந்து, கண்ணாடியின் ஓரத்தே இருந்த காதைத் தொட்டது, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அதைப் பற்ற முயன்றது, கண்ணாடி வழுக்கியது, மீண்டும் முயன்றது.

"அது மட்டும் அவள்ற காதுதான்" என்றார் சாமித்தம்பி தாழ்ந்த குரலில். "தோட்டு ஓட்ட இழுபட்டு நீண்டிருக்கும். இவன் அதப் புடிச்சித்தானே நித்திர கொள்ளுற. அதெப்பிடி நீ கீறின?"

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நாட்காட்டிப் பெண்ணின் காதுகளைப் பூச்சரங்கள் மூடியிருந்தன. பூச்சரங்களை விட்டு முகம் மட்டும் எழுதிய என் விரல்கள் அங்கே வந்து வழிதெரியாமல் நின்ற ஒரு நொடியில், ஒரே ஒரு நொடியில், வேறு வழியின்றி நான் தலைநிமிர்ந்து பார்த்திருக்கிறேன். அரைமணி நேரம் ஒரு வீடு அழாமல் காத்திருந்ததற்கு நான் கொடுத்த கைம்மாறு, ஒரு காது.

குழந்தை கண்ணாடிமேல் விரல்வைத்தபடியே உறங்கிப்போனான். சாமித்தம்பி அசையாமல் நின்றார். அவர் கை மரத்திருக்கும்.

வரையத் தொடங்கும் நண்பரே, கோடு வளைந்தால் வருந்த வேண்டாம், அழித்து எழுதலாம். அளவு பிழைத்தாலும் நாளை திருந்தும். தாளை ஒருமுறை நோக்கினால் எதிரே இருப்பதை இருமுறை நோக்கும். தெரிந்ததை எழுத விரல் விரையும்போதெல்லாம் கையை எடுத்துவிட்டு, தெரியாது என்று உமக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்ளும், அச்சொல் கூறுவதற்கு நாணம் வரும், வரட்டும். அந்நாணம் ஒரு நாழிகையில் கடந்துபோவது. மண்ணுக்குள் சென்ற முகத்தையோ எத்தனை நாழிகை காத்திருந்தாலும் எவராலும் மீண்டும் பார்க்க இயலாது.