மூன்றாம் முறை இட்ட மருதாணி

கொழும்பு அரசாங்கக் கந்தோரில் ஒரு கோப்பு மேசை மாறுவதற்குள் லிந்துலையில் தேயிலைக் கொழுந்து பலமுறை துளிர்த்துவிடும். அதை நினைத்தாலே நாகலெட்சுமிக்கு வயிறு எரியும்.

லிந்துலையில் கோயில் நடத்தும் பிள்ளைகள் இல்லத்தில் அவள்தான் ஆயா. நான்கு வயது தனுஷிகாவுக்கு, கைக்குழந்தையாக வந்தபோதே இதயத்தில் ஓட்டை. இங்கே ஆபரேஷனுக்குப் பெரிய வரிசை. நோர்வேயிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்து பார்த்து, பிள்ளையைத் தத்தெடுக்கக் கேட்டார்கள். அங்கே ஆஸ்பத்திரியும் தயார். மிச்சமிருந்தது கந்தோர்ப் பெரியவரின் ஒரேயொரு கையெழுத்து.

நுவரெலியா டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"குளிருக்கு எல்லாப் புள்ளைக்கும் ஒதடு நீலமாகும். அத நம்பாதீங்க. நகத்தப் பாருங்க. நகம் நீலமானா ஒடனே தூக்கிட்டு வந்துடணும்."

நாகலெட்சுமி தினமும் பார்த்தாள். ஆனால் "அடுத்த கிழமை அனுப்பலாம்" என்று கந்தோரில் சொன்ன அன்று, அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்பிள்ளையை வெறுங்கையோடு ஊர்விட்டு அனுப்புவது அவள் வளர்ந்த தோட்டத்து லயத்து வீடுகளில் வழக்கமில்லை. மாத்தளைத் தங்கச்சியிடம் சொல்லி மருதாணி இலை வருவித்து, அரைத்து, பத்து விரலுக்கும் நகம் மூடத் தொப்பி வைத்தாள். விடிந்ததும் விரல்கள் குங்குமமாகச் சிவந்திருந்தன.

"இப்படிச் செவந்திருக்கே, போற எடத்துல ஒம்மேல உசுரா இருப்பாங்கடி!"

ஏழு நாள் போயும் அந்தக் கிழமை வரவேயில்லை. சிவப்பு வெளிறியது. மறுபடி நாள் சொன்னார்கள், மறுபடி அரைத்தாள். மூன்றாம் முறை இட்டபோதும் அப்படியே ஆனது. இல்லத்தின் பொறுப்பாளர் கிருஷாந்தி மிஸ் கந்தோரிடம் சிங்களத்தில் கெஞ்சிவிட்டுப் போனை வைத்தார்.

"பெரியவரு லீவாம். அடுத்த கிழமைன்னு சொல்றாங்க."

"அந்தக் கிழமைக்கு நாளே கெடையாதா மிஸ்?"

வெளியே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் ஓடிவந்த தனுஷிகா மூச்சு வாங்கப் பாதியில் குந்திக்கொண்டாள். இப்போதெல்லாம் அடிக்கடி குந்தினாள். "கொழுந்துக் கூடைய நிறுக்கக் காத்திருக்கியோ?" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். நாகலெட்சுமிக்கு மனசு என்னவோ செய்தது. நகங்களைப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தன. பாழாய்ப்போன மனசு, சும்மா பதறுகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சில கிழமை கழித்து, ஒரு காலையில் மிஸ் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"நாகலெட்சுமி, கையெழுத்துப் போட்டுட்டாங்க! டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டேன்!"

நாகலெட்சுமி பிள்ளையைத் தேடினாள். தண்ணீர் விழும் பீலியடியில் குந்தியிருந்தது.

"ஆயாம்மா, மூச்சு முட்டுது."

கையைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது. நகங்கள் சிவப்பு. அடியில் மட்டும், மருதாணிக்குப் பிறகு புதிதாக வளர்ந்த மெல்லிய கீற்று நாவற்பழ நிறத்தில் இருந்தது. பிள்ளையை அப்படியே வாரித் தூக்கினாள்.

ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு நுவரெலியாவுக்குப் பறந்தார்கள். தனுஷிகா கண் திறக்கவில்லை. டாக்டர் ஒட்சிசன் முகமூடியை மாட்டிவிட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்படி? நகத்தப் பாக்கச் சொன்னேனே!"

டாக்டர் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, அடி நிறம் பார்க்க நகத்தை அழுத்தித் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மருதாணி அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது.