கக்கத்தில் கட்டிய நெறி

"அம்மாவோட ஜாக்கெட்ட ஒதுக்கிட்டு, கக்கத்தைக் கையால தொட்டுப் பாருங்க டொக்டரையா."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று லயத்து வீட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து மருந்தகம் வரைக்கும் வழிநெடுக விஜயலெட்சுமி மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். நிசாந்தினி கேட்டுவிட்டாள்.

"மானத்த வாங்காதடி" என்று தாய் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள்.

மருந்தகப் பொறுப்பாளர் சிதம்பரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். நிமிரவேயில்லை. "பிள்ளை, கொழுந்து பறிக்கிற ஆக்களுக்கு விரல் வெட்டுப்படும், கக்கத்தில நெறி கட்டும். பூச்சு மருந்து தாறன்."

"நெறின்னா வலிக்கும். இது வலிக்கல. புடிச்சா நகரவும் மாட்டேங்குது."

"கம்பஸ் போனா டொக்டரோ?"

"டொக்டரு பாக்காததால நான் பாத்தேன்."

நமுனுகுல மலையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது: விரலில் வெட்டு, கக்கத்தில் நெறி. போன தீபாவளிக்கு அம்மாவின் கக்கத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டவளே நிசாந்தினிதான். குடும்பத்தின் முதல் பட்டதாரி. கம்பஸில் உடற்கூற்றுப் பாடத்துக்கு அக்குளை வரைந்து, முன்னால் மார்புத்தசை, பின்னால் தோள்பட்டைத்தசை, நடுவே கைக்குப் போகும் நாடியும் நரம்புகளும், மார்பிலிருந்து வடிவதை வாங்கிக்கொள்ளும் நிணநீர்க்கணுக்கள் என்று பெயர் குறித்து முழுப் புள்ளி வாங்கியவள். பற்றுப் போட்டபோது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

சிதம்பரநாதன் எரிச்சலோடு எழுந்து, தாயின் கையைத் தாங்கிப் பிடித்து, அக்குளின் உச்சிவரை விரல்களை விட்டார். விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. பிறகு காறை எலும்புக்கு மேலே தடவினார். அங்கேயும் ஒன்று.

"மார்பில ஏதும் இருக்கோ அம்மா?"

விஜயலெட்சுமி சுவரைப் பார்த்தாள். "ஒரு வருசமா இருக்குங்க."

அவர் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். மார்புப் புற்று காறை எலும்புக்கு மேலே ஏறிவிட்டால் என்ன அர்த்தமென்று நிசாந்தினிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் போகல" என்றாள் தாய். "மேட்டு லயத்துக் காமாட்சிக்கு மார்ப அறுத்தாங்க. அப்புறம் கையத் தூக்கி அவளால தலைகூட வார முடியல. வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுல அவ பேர வெட்டிட்டாங்க. நீதான் படிச்சவளாச்சே, சொல்லு. அறுத்தா பொழைப்பேனா?"

"பொழைக்க மாட்டம்மா. வலி வர்றப்ப கொறைப்பாங்க."

"அப்ப என்னத்துக்கு? கை தூக்குற வரைக்கும் கொழுந்து பறிக்க மலைக்கே போறேன்."

சிதம்பரநாதன் பேனாவை மூடினார். அந்தக் கை இன்னும் எத்தனை நாள் கூடை சுமக்கும் என்று நிசாந்தினி யோசித்துப் பார்த்தாள். தன்னைக் கேட்டால், ஒரு நாளும் கூடாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கடி போற?"

"தோட்டத்து ஒபிசுக்கு. இதக் காட்டி ஒம் பேர வெட்டச் சொல்லப் போறேன். பேரு இருந்தாத்தானே மலைக்குப் போவ."

"அடி பாவி! நாசமாப் போறவளே, நில்லுடி!"

நிசாந்தினி வாசலைத் தாண்டி நடந்தாள்.