ஆமென் சொல்வதற்குள்

…இன்னும் முடியவில்லை, மழைக்காக ஜெபித்தாயிற்று, நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தாயிற்று, சபைக் கட்டட வேலைக்காகவும் ஆயிற்று, தேவநேசன் மாமா இப்போதுதான் சாப்பாட்டு மேசைக்கு இறங்கி வருகிறார், அமலா கண்ணைப் பாதி மூடியபடியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், மூக்குக்கு நேரே இறால் பிரியாணியின் ஆவி, அந்தப் பக்கம் இறால் தொக்கு, ரசமாவது உண்டா என்று பார்த்தால் அதிலும் நண்டுக்கால் மிதக்கிறது… நேற்றுப் போனில் சொன்னாளே, ஒரு தரமா, மூன்று தரம், அத்தை, எனக்கு இறாலும் நண்டும் ஆகாது, அலர்ஜி, தொண்டை அடைத்துவிடும் என்று, சத்தியவதி அத்தையும் 'அச்சா அச்சா, டென்ஷன் மத் லோ' என்று இந்தியில் கவலையை விடச் சொல்லிச் சிரித்தாளே, மறந்துவிட்டாளா, அதெப்படி மறக்கும்… 'இந்தப் பிள்ளையின் சரீரத்தில் இருக்கிற சகல பலவீனத்தையும் எடுத்துப்போடும் ஆண்டவரே, இந்த ஆகாரமே அவளுக்கு ஆரோக்கியமாகட்டும்…' ஓ, அப்படியா சங்கதி. யாரும் மறக்கவில்லை. தெரிந்தேதான் சமைத்திருக்கிறார்கள், அவளைக் குணமாக்கத்தான் இந்த விருந்தே. ஜெபித்த சாப்பாடு ஒன்றும் செய்யாது என்பது இந்த வீட்டுச் சட்டம், ஆமென் சொன்ன பிறகும் வேண்டாம் என்றால் குறை உடம்பில் இல்லை, விசுவாசத்தில் என்பார்கள். மதுரையில் அவள் வீட்டிலும்தான் ஜெபிக்கிறார்கள், ஜெபித்துவிட்டு மாத்திரையும் போட்டுக்கொள்கிறார்கள், ஆண்டவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இவன் என்ன செய்கிறான், பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, கட்டின புருஷன்… ஜெரோஷுக்கு மாமா முன்னால் வாயே கிடையாது, அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவராம், இருக்கட்டும், அந்த நன்றிக்கு நானா சாகவேண்டும்? போன வருஷம் இதே பூனேயில், கராடிப் பக்கம், அவள் டீம் லீட் வீட்டில், இறால் கருவாட்டுச் சட்னி என்று தெரியாமல் ஒரே ஒரு வாய், உதடு வீங்கி, கண் சொருகி, துணி பிழிகிற மாதிரி யாரோ தொண்டையைப் பிழிந்தார்கள், கண் விழித்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து சத்தியவதி அத்தையிடம் போனில் பேசுகிற இவன் குரல்தான் கேட்டது, 'ஒண்ணுமில்ல அத்தை, கேஸ் பிராப்ளம்.' கேஸாம்! சாகக் கிடந்தவளுக்குக் கேஸாம்! நம்பவில்லை, என்றைக்கும் நம்பியதில்லை, செல்லமாக வளர்ந்தவள், சாப்பாட்டில் நொட்டை சொல்கிறாள் என்றுதான் நினைக்கிறான், அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது…

"ஆமென்" என்றார் மாமா. அவள் சொல்லவில்லை. அதற்குள் தட்டில் ஒரு கரண்டி பிரியாணி வந்து விழுந்தது. "மக்ளே, ஜெபம் பண்ணியாச்சுல்லா, தைரியமா சாப்பிடு, கோளம்பி நானே மார்க்கெட்ல ஒவ்வொண்ணாப் பாத்து வாங்குனது" என்றாள் அத்தை, இறால் அவளுக்குக் கோளம்பி, பூனேக்கு வந்து நாற்பது வருஷம். மாமா கூப்பிய கையை எடுக்காமல் அமலாவையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை, நிஜமான பாசம், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது, திட்டக்கூட வழியில்லாத பாசம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும், இப்போதே… ஜெரோஷ் அவள் காதருகே குனிந்தான். "ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டுடு அமலா, மாமாவுக்காக. அலர்ஜி வந்தா போட டாக்டர் குடுத்த ஊசிய காலையிலயே என் பாக்கெட்டுல எடுத்து வச்சுட்டேன்."

காலையிலேயேவா… அவள் குளித்துக்கொண்டிருந்தபோதா, அலமாரியைத் திறந்து, அந்த ஊசியை எடுத்து, சட்டைப் பையில் போட்டு… அப்படியானால் இங்கே என்ன சமைப்பார்கள் என்று இவனுக்குத் தெரியும், தின்றால் அவளுக்கு என்ன ஆகும் என்பதும் நன்றாகவே தெரியும். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் நம்பவில்லை, நம்பவில்லை என்று ஒரு வருஷமாக உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தாளே, அந்தக் கோபத்தோடேயே இருந்திருக்கலாம் போலிருந்தது.