மூன்றாம் வரிசை இருமல்

...இன்னும் எவ்வளவு நேரம்தான் இந்தத் துறைத்தலைவர் என்னை அறிமுகப்படுத்துவார், மூத்த பத்திரிகையாளர், பன்னிரண்டு நூல்களின் ஆசிரியர், எழுத்துலகின் எரிமலை, எரிமலையாம், இவர் தலையில் கொட்டினால் தெரியும், என்று பல்லைக் கடித்தபடியே மேடையில் சிரித்துக்கொண்டிருந்தார் அவர், பக்கத்தில் துணைவேந்தர் மேசைக்கடியில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார், எதிரே வருகைப்பதிவு உண்டு என்று சொல்லிப் பிடித்துவந்த மாணவர்கள், ஒருவன் வாயைப் பிளந்து தூங்குகிறான், இவர்களுக்கு நான் ‘செய்தியும் உண்மையும்’ பேசவேண்டும், போகட்டும், கோபமெல்லாம் மூன்றாம் வரிசையில் இருக்கும் மனைவியிடம்தான், காலையில் செருப்பு மாட்டும்போதே அவளிடம் சொல்லிவிட்டார், “அந்த அமைச்சர் கதையைச் சொல்றப்ப நீ இருமாத. நாப்பது வருஷமா இருமிட்டிருக்க.” “நீங்க கூட்டிச் சொன்னா தொண்டை கமறுது, நான் என்ன பண்ண?” “இன்னைக்குக் கமறக் கூடாது.” “சரிங்க, மருந்து குடிச்சிட்டு வர்றேன்.” கிண்டலா பணிவா, அவளுக்கு இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

ஒருவழியாக மைக் கைக்கு வந்தது, அமைச்சரின் நில மோசடியை எழுதியதைச் சொன்னார், மறுநாள் தொலைபேசியில் வந்த மிரட்டலைச் சொன்னார், அந்த அழைப்பை எடுத்து அவருக்கு இணைத்தவளே இவள்தான், அப்போது பத்திரிகை அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர், அந்தத் திமிர்தான் இந்த இருமலுக்கு, “அமைச்சர் நேரிலேயே வந்துவிட்டார்” என்றார், இங்கேதான் இருமுவாள், இருமவில்லை, நல்லது, “என் மேசையை ஓங்கிக் குத்தினார்”, சத்தமே இல்லை, தூங்கிவிட்டாளா, கண் திறந்துதானே இருக்கிறது, “துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார்”, கருமம், துப்பாக்கி எங்கிருந்து வந்தது, தூங்கியவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான், இவள் மட்டும் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, இருமித் தொலையேன், “கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்”, அரங்கம் அதிர்ந்தது, துணைவேந்தர் கைப்பேசியை வைத்துவிட்டுத் தட்டுகிறார், அவளும் தட்டுகிறாள், யாரோ ஒரு பெண்மணி மாதிரி, மரியாதையாக.

பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். “சார், அமைச்சர் அன்னைக்கு என்ன சொன்னார், அந்த வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கா?” இதென்ன அதிகப்பிரசங்கித்தனம், எரிமலையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா, ஞாபகம் இல்லாமலா, அவர் சொன்னது... சொன்னது... பேசியது அமைச்சர்தானா, உதவியாளரா, மிரட்டினாரா, மறுப்பு ஒன்று போடுங்கள் என்று கேட்டுக்கொண்டாரா, தேடத் தேடத் துப்பாக்கிதான் கையில் அகப்படுகிறது, சற்றுமுன் தானே வைத்த துப்பாக்கி, எது வரைக்கும் நடந்தது, எங்கிருந்து கூட்டியது என்று அவர் ஒருநாளும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை, வேண்டியிருக்கவில்லை, அந்த இடத்தில்தான் அவள் இருமிவிடுவாளே... மைக்கை வாயருகே பிடித்தபடி மூன்றாம் வரிசையைப் பார்த்தார். அவள் கைப்பையைத் திறந்து, ஓர் இருமல் மிட்டாயை எடுத்து, காகிதம் சரசரக்காமல் பிரித்து, வாயில் போட்டுக்கொண்டாள்.